செவலையின் எடை

ஊறிய தவிட்டில் உப்பைப் போட்டுக் கலக்கும்போது எழும் புளித்த வாடைதான் எனக்கு ஆட்டுப் பேரத்தின் வாடை. வெள்ளைக்காரன் போய் மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, திருவொற்றியூருக்கு மேற்கே சாத்தாங்காட்டில் எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் கீரைப்பாத்தியும் ஏழெட்டு ஆடுகளும் இருந்தன. அப்பா விடிந்ததும் துறைமுக வேலைக்குப் போய்விடுவதால் எல்லாம் அம்மாவின் கையில். அம்மா யாரையும் நம்பமாட்டாள். உப்புக்காரி அளந்து போட்டால்கூட அந்தப் படியைக் கவிழ்த்து, அடி உள்வாங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பிறகுதான் அவளைப் போகவிடுவாள்.

ஆட்டுக்குத் தராசு கிடையாது, கைதான். ராயபுரத்தில் கறிக்கடை வைத்திருந்த காதர் பாய் வந்து, முதுகெலும்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, நெஞ்சுக்கும் தொடைக்கும் கைகொடுத்து ஒரே மூச்சில் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு "ஒம்போது வீசை கறி தேறும்" என்பார். அம்மாவும் தூக்கிப் பார்த்துப் "பத்து" என்பாள். எடை கூடட்டும் என்று அவள் காலையிலேயே உப்புத் தவிடு வைத்து வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவிடுவாள். அது தெரிந்த பாய் வேண்டுமென்றே உச்சிவேளை வரை வேப்பமரத்தடியில் ஊர்க்கதை பேசி, ஆடு இரண்டு முறை மூத்திரம் போன பிறகுதான் எழுந்து வருவார்.

"இன்னாம்மா, ஆட்ட விக்கிறியா, தண்ணிய விக்கிறியா?"

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா எங்கள் சிவப்புப் பெட்டை ஆடு செவலையை விற்க நிறுத்தினாள். அதற்குத் தவிடு வைக்கவே இல்லை, அப்படித் திரண்டிருந்தது. பாய் தூக்கினார். இறக்கிவிட்டு, அடிவயிற்றில் வெகுநேரம் கையை வைத்திருந்தார்.

"இது கறி எடை இல்லம்மா. சினையா கீது. நான் எடுக்க மாட்டேன், குட்டி போடட்டும் வுடு."

"கெடா பக்கமே வுடல பாய். பண்டிகை போனா வெல எறங்கும், அப்ப வந்து ஓட்டிக்கினு போலாம்னு பாக்கறியா?"

எனக்குத் தெரியும். ஆடியில் ஒரு மத்தியானம் மேய்க்கப் போன இடத்தில், ரயில்பாதை ஓரம் நாவல்பழம் பொறுக்கிக்கொண்டே செவலையைத் தவறவிட்டு, ஒரு மணி நேரம் அலைந்து கண்டுபிடித்தபோது அது யாருடைய மந்தையிலோ ஒரு கிடாவோடு நின்றிருந்தது. அடிக்குப் பயந்து அன்று வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொன்னால் இரண்டு மடங்கு விழும் என்று கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுநாள் மாதவரத்து வியாபாரி ஒருவன் வந்து, பத்து வீசை என்று மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு செவலையை இழுத்துப் போனான். அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தியது.

தீபாவளி கழிந்து வந்த பாய் அன்று உட்காரவில்லை.

"மாதவரத்தான் அறுத்தப்போ உள்ள ரெண்டு குட்டி இருந்துச்சாம்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏய், மேய்க்கறப்போ கெடா எதுனா கிட்ட வந்துச்சாடி?"

"இல்லம்மா."

"கேட்டுக்கினியா பாய்? எம்பொண்ணு பொய் சொல்லாது. ஆடு கைமாறிப் போன வயித்தெரிச்சல்ல கதை கட்டாத."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், அதன்பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

இன்று அந்த இடத்தில் இரும்புக் கிடங்கு நிற்கிறது. லாரியையே மேலே ஏற்றி எடை போடுகிறார்கள். ஆட்டை மார்போடு தூக்கிப் பார்க்க அங்கே ஆளுமில்லை, ஆடுமில்லை. சாகும்வரை அம்மா காதர் பாயைப் புளுகன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஊரில் ஒருவரையும் நம்பாத அம்மா, என்னை நம்பினாள்.