அண்ணன் செய்த அழைப்பு மணி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நிதானமாக எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தேநீரைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே தவறிவிட, படிப்பை விட்டுத் தேயிலைச் செடிகளின் கிளைகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்குப் போனார். தங்கையான நான் ஆசிரியையானது அவருடைய உழைப்பால்தான். வேலை முடிந்து வந்தால் ரேடியோவைப் பிரித்துப் போடுவார். திரும்பப் பூட்டும்போது எப்படியும் சில ஆணிகள் மிஞ்சும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து குரல் அடங்கிப்போனது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒருநாள், அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு மேரி அக்கா தையல் மெஷினில் இருந்ததால் அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. சாயங்காலம் அண்ணன் வந்துதான் தூக்கினார். அன்று முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா பொத்தானை அழுத்தினால் மேரி அக்கா வீட்டில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"கடையில வாங்கலாமே அண்ணே" என்றேன்.

"வாங்குனது பழுதானா யார்கிட்ட போறது? நான் செஞ்சா நானே பாத்துக்குவேன்."

ஹட்டனில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் முஸ்லிம் நானா மிஞ்சிய செப்புக் கம்பியைக் கொடுத்தார். மணியின் சுத்தியலை இழுக்கும் மின்காந்தத்துக்குக் கம்பிச் சுருளின் உள்ளே வைக்க இரும்பு வேண்டுமே? அண்ணன் தம்முடைய பழைய கவ்வாத்துக் கத்தியை வெட்டி எடுத்தார். கவ்வாத்துக்காரருக்கு அதைவிட உயர்ந்த இரும்பு ஏது? கம்பியைச் சுற்றி, பெட்டரியில் மாட்டினார். மணி ஒரே ஒரு தட்டுத் தட்டியது. தட்டிய சுத்தியல் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பவே இல்லை. இன்னும் சுற்றினார், கம்பி சூடேறிப் புகைந்தது. பிரித்தார், மறுபடி சுற்றினார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக அவர் நடந்த நடையில் எனக்குத்தான் தலை சுற்றியது.

கழற்றிப் போட்ட கத்தித் துண்டை மேரி அக்கா எடுத்துப்போய்த் தம் ஊசிப் பெட்டிக்கருகில் வைத்திருந்தார். "அண்ணே, கரண்டு இல்லாமலே ஊசியெல்லாம் இழுக்குதே இது" என்று கொண்டு வந்தார்.

அண்ணன் நின்றுவிட்டார். "நல்ல இரும்பு புடிச்சா விடாது போல, புள்ள. அதான் கரண்டு நின்னும் சுத்தியல விடல" என்று சிரித்தார். உடனே சாதாரணக் கட்டுக்கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலிலேயே ஆறவிட்டு, நறுக்கிக் கட்டாகக் கட்டி அதன்மேல் செப்புக் கம்பியைச் சுற்றினார். மணி விடாமல் கணகணத்தது. அம்மா கோணிய வாயால் சிரித்து, பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "பெட்டரிக்கு சார்ஜ் போட்டியா?" என்று கேட்டார். அதன்பிறகு பேசவில்லை. அந்த நேரத்திலும் பெட்டரியா என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் குரலுக்காக ஏங்குகிறேன்.

அவரைச் சுமந்து வந்த கவ்வாத்துத் தோழர்களுக்கும், இறுதிக் காரியங்களில் துணை நின்ற லயத்து மக்களுக்கும், ஹட்டன் நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் போனபிறகு அம்மா காரணமின்றி மணியை அடிக்கிறார். "என்னம்மா வேணும்?" என்று மேரி அக்கா ஓடி வந்தால், "ஒண்ணுமில்ல, அவன் செஞ்சது அடிக்குதான்னு பாத்தேன்" என்று குழறுவார். "நல்லா அடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார் அக்கா. ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.