மேல் லயத்துக்கு ஓடியவர்கள்

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கு, மண்சரிவு பற்றிப் படிப்பிக்க மாத்தளையிலிருந்து ஓர் ஐயா வந்தார். மலையில் வெடிப்பு தெரிந்தாலோ ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ, எதையும் எடுக்க நிற்காமல் பணிய இறங்கிப் பாடசாலை மைதானத்துக்கு ஓடிவிட வேண்டுமாம். ஓடுவதே பாடமாக வந்தது அந்த ஒரு தடவைதான் என்பதால், நானும் கவனமாகக் கேட்டேன்.

ஒத்திகைக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. பாடசாலை மணி, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள் வரை கேட்காது. அதனால் தப்படிக்கும் என் சித்தப்பாவைக் கூப்பிட்டு, எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வருகிற மாதிரி அடிக்கச் சொன்னார்கள். சித்தப்பா யோசித்திருக்கிறார். திருவிழா அடிக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். ஒருவர் விடாமல் வெளியே கொண்டுவருவது ஒரே அடிதான். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த இழவு அடியையே மனதாரப் போட்டார்.

பிள்ளைகள் நாங்கள் பணிய ஓடினோம். பெரியவர்கள் சாவு வீட்டைத் தேடி, வயதானவர்கள் இருந்த மேல் லயத்துக்கு ஓடினார்கள். ஒத்திகை என்று முதல் நாளே வீட்டில் சொல்லித்தான் இருந்தோம். இழவு அடி காதில் விழுந்த பிறகு யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? மேல் லயத்தில், போன மழையில் வெடிப்பு விழுந்திருந்த மலைக்கு நேர் கீழே, நடக்க முடியாத தாத்தா தனியாக இருந்தார். அம்மா அழுதுகொண்டே படியேறிப் போய்ப் பார்த்தால், அவர் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாராம். செத்தது யார் என்று அம்மாவிடமே கேட்டாராம். சித்தப்பாவுக்கு அன்று விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

மைதானத்துக்கு முதலாவதாக வந்ததற்கு எனக்கு ஒரு பிஸ்கட் பக்கற் கிடைத்தது. அதோடு வீட்டுக்குப் போய், மேலே ஓடியது பிழை என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"எங்கப்பாவ மேல விட்டுட்டு நான் எப்புடிடா பணிய ஓடுறது?" என்றாள் அம்மா.

அப்பா எங்கள் ஒற்றை அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பின்னேரம் அவரும் சித்தப்பாவும் தாத்தாவைக் கதிரையோடு தூக்கி வந்து இறக்கினார்கள். சுவரோரம் கதகதப்பாக இருந்த என் இடம் அவருக்குப் போனது. பிஸ்கட்டிலும் பாதி போனது. நான் கதவடியில் குளிரில் படுத்தேன். முதலாவதாக வந்தவனுக்கு இதுதானா பரிசு என்று எனக்குச் சரியான கோபம். தாத்தாவோடு கனநாள் பேசவில்லை.

மேல் லயம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். அந்த ஒத்திகையால் உண்மையிலேயே இடம் மாறியவர் தாத்தா ஒருவர்தான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.