பவளம் அக்காவின் மதியச் சாப்பாடு

பவளம் அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது மகளுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ‘இனி இவளின் நிறையைப் பற்றி யாரிடம் கேட்பேன்?’ என்றுதான் மனம் முதலில் பதறியது. அந்த வெட்கத்தில், நினைவு மலருக்குக் கேட்ட நாலு வரியைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கழிந்த பின் இப்போது எழுதுகிறேன்.

புலம்பெயர்ந்து வந்து இருக்கும் அஜின்கோர்ட்டில் நாங்கள் போகும் கிளினிக்கில் அவர் உணவியலாளர். அங்கே தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், எல்லாவற்றுக்கும் அவரிடமே போய் நிற்போம். ஒருநாள் ஆட்கள் நிறைந்த காத்திருப்பு அறையில் ஒரு அங்கிள் அவரை மறித்தார்.

“பிள்ளை, பாவக்காய்ச் சாறு குடிக்கிறன். சுகருக்குப் போடுற குளிசையை விடட்டோ?”

“குளிசை டொக்ரற்ற வேலை அங்கிள். உங்கட சாப்பாட்டுக் கோப்பைதான் என்ர வேலை.”

“அப்ப நீர் அரை டொக்ரர்.”

“இல்லை அங்கிள், முழு டயட்டீசியன்.”

எல்லோரும் சிரித்தோம். “படிக்காத விசயத்தில வாய் வைச்சால், உதவி எண்டு நினைச்சே ஆளைக் கெடுத்துப்போடுவம்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இந்த வருடம் மே மாதம், ஊரில் போர் முடிந்த நாட்களில், வன்னியில் சனம் கஞ்சிக்கும் வழியில்லாமல் கிடந்தது. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. பால் வற்றியது. அப்போது மூன்று மாதமாயிருந்த மகளின் நிறை குறையத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் “பிள்ளைக்காகச் சாப்பிடு” என்றார்கள். பயந்துபோய்ப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, சாப்பிட வெக்கமாக் கிடக்கு.”

அவர் ஆறுதல் சொல்லவில்லை. “வெக்கத்துக்கு மருந்து என்ர படிப்பில இல்லையம்மா. அதுக்குப் படிச்ச ஆளிட்டை நேரம் எடுத்துத் தாறன். பிள்ளையை இண்டைக்கே டொக்ரர் பார்க்கட்டும். நீர் என்ன சாப்பிடவேணும் எண்டதை மட்டும் நான் சொல்லுவன்.”

சொன்னபடியே இரண்டு இடத்துக்கும் போன் எடுத்தார். இவரும் என்னைத் தள்ளிவிடுகிறாரே என்று எனக்குக் கோபம்.

“நீங்கள் சாப்பிடுறியளோ?” என்று கேட்டுவிட்டேன்.

“ஓம். தங்கச்சி குடும்பம் வன்னிக்குள்ள. ஒரு தகவலும் இல்லை. அழுதழுது சாப்பிடுறன்.”

பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பிட்டும் மீன் குழம்பும். பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

“இதை டயட்டீசியனா நான் தரேல்லை. எனக்குப் பசிக்குது, தனியச் சாப்பிட ஏலாது.”

இருவரும் சாப்பிட்டோம். குழம்பு ருசியாக இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன். ஆனால் மிச்சம் விடவில்லை.

தங்கை குடும்பம் எங்கே என்று தெரியாமலே அவர் போய்விட்டார். எனக்குப் பால் திரும்பச் சுரந்தது; மகள் தேறிவிட்டாள். எனக்கு வெட்கம் தீரவில்லை. அது தீரட்டும் என்று காத்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையை ஒதுக்கிவைக்காமல் இருப்பதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இன்று மதியமும் வெட்கத்தோடேதான் இருந்து சாப்பிட்டேன். பிறகு மகளைத் தூக்கிப் பால் கொடுத்தேன்.