பஸ்ஸூ குடித்த கல்

1979 மார்ச்சில் பஸ்ஸூவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தொரு வருஷம் ம்ஸிஸி என்ற ஊருக்குத் தெற்கே உள்ள குன்றில் பாரைட் கல் வெட்டியே போயிருந்தது. அந்த மாதம் வயிறு ரொட்டியைத் தங்கவிடவில்லை. மலம் தார்போலக் கறுத்தது.

அந்தக் குன்றை நினைத்தால் முதலில் வருவது சத்தம்தான். வாளிக் கயிறு சுற்றும் உருளையின் கிரீச்சொலி, குழிக்குள்ளிருந்து யாரோ பாடும் பாதிப் பாட்டு, தேநீருக்காகக் கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டியை உடைக்கிற சுத்தியல். பாரைட் வெள்ளையாக, சில இடங்களில் வெளிர் ரோஜா நிறமாக இருக்கும். கையில் வாங்கினால்தான் அதன் குணம் தெரியும். புதிதாக வந்தவனிடம் சின்னக் கட்டியாகப் பார்த்து நீட்டுவார்கள். அவன் கை பொசுக்கென்று தாழும். எல்லாரும் சிரிப்பார்கள்.

"என்னடா, கல்யாணப் பொண்ணையா தூக்கச் சொன்னோம்?" என்பார் பஸ்ஸூ.

அந்தக் கனத்துக்காகத்தான் லாரி வந்தது. கல்லை மாவாக அரைத்துச் சேற்றில் கலந்து, எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைக்குள் விடுவார்கள். அடியிலிருந்து சீறும் வாயுவைக் கனமான சேறு அமுக்கிப் பிடிக்கும்.

தொல்லை கொடுத்தது சுண்ணாம்புக் கல். அதுவும் வெள்ளை, அதுவும் பளபளப்பு. பெரிய கட்டி என்றால் கனமே காட்டிக்கொடுத்துவிடும். சில்லுகளில் ஏமாந்து போவார்கள். அதனால் குன்றில் எல்லார் ஜேபியிலும் ஒரு சின்னப் புட்டி வினிகர் இருக்கும். கல்லை ஆணியால் கீறி, உதிரும் தூளில் ஒரு சொட்டு விடுவார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, தூர எறி. சும்மா கிடந்தால் பாரைட், கூடையில் போடு.

ஒரு குளிர்காலத்தில் ரொட்டி மாவு வைத்த கொட்டகையில் எலி பெருகியது. லாரிக்காரர் எலிக்கு வைக்க ஒரு டப்பாவில் வெள்ளைத் தூள் கொண்டுவந்தார். "பேரியம்தான். உங்க கல்லுலயும் அதுதான் இருக்கு, ரெண்டும் சொந்தம்" என்றார். பஸ்ஸூ அதை பார்லி மாவில் பிசைந்து மூலைகளில் வைத்தார். அவருடைய மஞ்சள் நாய் ஓர் உருண்டையைத் தின்றுவிட்டது. முதலில் வாந்தி, பிறகு பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன, சாயங்காலம் தலையைத் தூக்க முடியாமல் செத்தது. புதைத்துவிட்டு வந்தவர், மீதித் தூளில் வினிகர் விட்டுப் பார்த்தார். புசுபுசுவென்று நுரைத்தது. "இது நம்ம கல்லு இல்ல" என்று டப்பாவோடு ஆழமாகப் புதைத்தார்.

இப்போது, ராஷிதியா நகரத்து ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், படம் எடுக்கும் ரக்கியா என்ற பெண் அவரிடம் ஒரு குவளை வெள்ளைக் கரைசலை நீட்டினார்.

"என்னம்மா இது?"

"பேரியம், அண்ணே. இதைக் குடிச்சாத்தான் உங்க வயிறு படத்துல தெரியும்."

பஸ்ஸூ குவளையைக் கீழே வைத்துவிட்டார். கூட வந்த மனைவி இத்தோ அதை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். புண் எங்கே என்று தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி வைக்காவிட்டால், வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அவரை அதிக நாள் விட்டுவைக்காது என்றும் சொல்லியிருந்தார்.

"ஏய்யா, குடிச்சுத் தொலையேன்!"

"எலிக்கு வச்ச பேரியத்தைத் தின்னுதான் என் நாய் செத்துச்சு."

ரக்கியா கோபப்படவில்லை. "அது பேரியத்துலயே வேற உப்பு, அண்ணே. வயித்துப் புளிப்புல கரைஞ்சு ரத்தத்துல ஏறிடும். தசை, இதயம் எல்லாத்தையும் பிடிச்சுக்கும். இது கரையாது. போன மாதிரியே வெளிய வந்துடும்."

"நீங்க சொல்றீங்க. அந்தத் தூளைக் குடுத்த லாரிக்காரனும்தான் நம்ம கல்லுக்குச் சொந்தம்னு சொன்னான்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். பஸ்ஸூ ஜேபியில் கைவிட்டார்.

"கலக்காத தூள் கொஞ்சம் குடுங்கம்மா."

"ஆஸ்பத்திரிக்குமா வினிகர் கொண்டாந்தே?" என்று இத்தோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாவி, கத்தி, வினிகர். ஆம்பளை வேற எதை எடுத்துட்டு வெளிய போவான்?"

ரக்கியா சிரித்துக்கொண்டே ஒரு தட்டில் கரண்டித் தூள் கொட்டி, தானும் குனிந்தார். சொட்டு விழுந்தது. தூள் நனைந்தது, அவ்வளவுதான். பஸ்ஸூ இன்னொரு சொட்டு விட்டார். காதைத் தட்டருகே வைத்துக் கேட்டார். பிறகு "இது நம்ம கல்லுதான்" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் குவளையை எடுத்தார்.

பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார். "செவுத்த நக்குன மாதிரி இருக்கு. இதுக்காடி நான் இருபத்தொரு வருஷம் முதுகை ஒடிச்சேன்?"

"பேசாம மிச்சத்தையும் குடி."

விளக்கை அணைத்தார்கள். திரையில் விலா எலும்புகளுக்கிடையே வெள்ளை மெல்ல இறங்கி, பை போல விரிந்து, ஓரிடத்தில் மட்டும் கரையைத் தாண்டிப் பிதுங்கி நின்றது. "புண் இங்கதான்" என்று டாக்டர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

வியாழக்கிழமை அறுவை நடந்தது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தார்கள். ஜூன் மாதம் பஸ்ஸூ குன்றுக்குத் திரும்பினார். குழியில் இறங்கவில்லை, மேலே உட்கார்ந்து கல் பிரிக்கும் வேலைக்குப் போனார்.