எந்த ஊருங்க?

வரியைக் குறைக்கச் சொல்லி உலகில் எத்தனையோ மாவீரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரில் அந்தப் பொறுப்பு காங்கேயத்துக்காரரான மயில்சாமியின் தலையில் விழுந்தது. கரண்ட் பில்லோடு நகரம் வாங்கும் வரியைக் குறைக்க ஒரு மனு. போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால் விஷயம் தேர்தலில் ஓட்டுக்கு வரும். "சனிக்கிழமை சாயங்காலம் நூறு கையெழுத்தோட வர்றேன்" என்று மனுக் குழு மீட்டிங்கில் வாயை விட்டுவிட்டார். "பாக்கலாம் சார்" என்று தலைவர் ஜம்புநாதன் சிரித்த சிரிப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை, மௌரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் நின்றார். "எக்ஸ்க்யூஸ் மீ" என்றதுமே ஜனங்கள், அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

வெறுத்துப்போய், முருங்கைக்காயோடு வந்த ஒருவரிடம், "ஏனுங்க, எந்த ஊருங்க?" என்றார்.

மனிதர் நின்றுவிட்டார். "தாராபுரமுங்க. நீங்க?"

"அட, பக்கத்துல காங்கேயமுங்க! சிட்டிசன்தானுங்களே?"

ஊரைச் சொன்னவர் கையெழுத்துப் போடாமல் நகர்வது கொங்கு தர்மமல்ல. அப்புறம் கோபி வந்தது, பொள்ளாச்சி வந்தது. என்ன வரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மதியம் மனைவி வசந்தாமணி அரிசி மூட்டையோடு கடையிலிருந்து வெளிப்பட்டார். பழக்கதோஷத்தில் அவரிடமும், "எந்த ஊருங்க?"

"உங்களக் கட்டிக்கிட்டு வந்தப்பறம் எனக்கேது வேற ஊரு? இதேதான்!" வெடுக்கென்று எழுதிக் கொடுத்தார். "மூட்டையத் தூக்குங்க மொதல்ல."

மாலையில் நூறு கையெழுத்தையும் ஜம்புநாதன் முன்னால் வைத்தபோது மயில்சாமியின் மீசை தானாக ஏறியது.

"சார், அட்ரஸ்ல 'உடுமலை, பஸ் ஸ்டாண்ட் பின்புறம்'னு இருக்கே?"

எட்டிப் பார்த்தார். மீசை இறங்கியது. ஊர்ப்பேச்சு பேசிய சூட்டில் அத்தனை பேரும் முகவரிக் கட்டத்தில் சொந்த ஊரையே எழுதியிருந்தார்கள்.

"உடுமலைக்காரங்க ஓட்டு இங்க செல்லாது சார். இந்த ஒண்ணுதான் தேறும். நாளைக்கு ஒரு நாள் டைம் தர்றேன்."

தேறியது வசந்தாமணி. வீட்டு எண், தெரு, ஜிப் கோடு, எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"வரியக் கொறைக்கணும்னு உனக்கும் இவ்வளவு அக்கறையா?" என்று காரில் காத்திருந்த மனைவியிடம் உருகினார்.

"மூட்டை தூக்க ஆள் வேணும்னு போட்டேன்."

ஞாயிறு காலை, அதே வாசல். தாராபுரத்துக்காரர் தயிர் வாங்க வந்தார். "என்னுங்க, மறுக்காவா?"

"ஆமாங்க," என்று மயில்சாமி பேனாவை நீட்டினார். "ஊர வாயில சொல்லுங்க. வீட்டத் தாள்ல எழுதுங்க."