டெரிக்கின் படகில் எனக்கிருந்த இடம்

நான் வசிக்கும் இந்த ஆங்கிலேயச் சிற்றூரில், கொரோனாவின் முதல் கோடையில், சனி ஞாயிறு காலைகளில் ஏரிக்கரைக் கார் நிறுத்துமிடத்தில் பெரிய மனிதர்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பல் மருத்துவர் ஒருவர், பள்ளித் தலைமையாசிரியை ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். தலைவழியாக மாட்டிய துண்டுத் துணி அங்கிக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, தூறலில் ஒற்றைக்காலில் தள்ளாடியபடி, ஈரம் புகாத உடைக்குள் உடம்பைத் திணிப்பார்கள். அந்த நிலையிலேயே பக்கத்துக் காருக்கு 'குட் மார்னிங்' சொல்வார்கள். பனியனோடு தெருமுனைக் கடைக்குப் போனாலே அம்மாவிடம் திட்டு வாங்கிய அம்பத்தூர்க்காரன் நான். முதல் வாரம் காருக்குள்ளேயே குனிந்து மாற்றி முட்டியில் அடி வாங்கினேன். மூன்றாவது வாரம் நானும் அங்கி வாங்கிவிட்டேன்.

எங்கள் பாய்ப்படகுச் சங்கத்தின் உடை மாற்றும் அறை, சமையலறை, கூடம் எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். மதியம் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டு காற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இப்போது அவரவர் கார் டிக்கியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தார்கள். படகுத்துறையில் போகும் வழி, வரும் வழி என்று மஞ்சள் அம்புகள். தண்ணீரில் இறங்க முன்பதிவு. இத்தனையும் எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்வேன். சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையின் அளவுச் சோதனைப் பிரிவில் வேலை கற்றவன் நான். கோடு போட்டு வைத்தால் அதன்மேல் நடப்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. ஒரே ஒரு விதிதான் என்னைக் கரையில் நிறுத்தியது. இரண்டு பேர் ஓட்டும் படகில் ஒரே வீட்டில் வசிக்கும் இரண்டு பேர்தான் ஏறலாம்.

இங்கே டெரிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த தொழிற்சாலையில் அவர் என் பிரிவுத் தலைவர். மனைவி இறந்த பிறகு அவருடைய டிங்கியில் முன்னால் உட்கார ஆள் இல்லை. டிங்கி என்பது இரண்டு பேர் காலை மடக்கி உட்காரும் அளவுக்கான சின்னப் பாய்ப்படகு. பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடிப்பார், அவர் ஹெல்ம். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்வதோடு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே சாய்த்து அதை நிமிர்த்தவும் வேண்டும், அவர் க்ரூ. "நீங்கள் ஒரு நூலளவு பிசகையும் விடாதவர், வந்து பாருங்கள்" என்று ஒருநாள் டெரிக் அழைத்துப்போனார். அம்பத்தூர் ஏரியைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டும் பார்த்து வளர்ந்தவன், முப்பது வயதுக்கு மேல் வேறொரு தேசத்தில் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

அந்த இடம் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். அலுவலகத்தில், கடையில், பள்ளிக்கூட வாசலில், வாயைத் திறந்ததும் எதிரிலிருப்பவர் சற்று முன்னால் குனிந்து காதைக் கொடுப்பார். படகில் அது இல்லை. 'ரெடி', 'கோ', 'இழு', 'விடு' என்ற நான்கைந்து சொற்கள்தான். பாதிநாள் அவைகூட இல்லை. டெரிக் தோளை அசைக்குமுன் என் கை கயிற்றை விட்டிருக்கும். இந்த நாட்டில் என்னை யாரும் இரண்டாம் முறை சொல்லச் சொல்லாத ஒரே இடம் அது.

ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு சலுகை அறிவித்தது. தனியாக வசிப்பவர்கள் வேறு ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்துகொள்ளலாம். அதன்பின் அவர்கள் ஒரே வீட்டார் போல. 'சப்போர்ட் பபிள்' என்று அதற்குப் பெயர். ஒருமுறை தேர்ந்தால் மாற்ற முடியாது. எனக்கு முதலில் தோன்றியது டெரிக்கின் படகுதான். அடுத்த நாளே அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நின்றார்.

"இந்த பபிள் விஷயம். உங்கள் வீட்டைத்தான் நினைத்தேன். உங்களுக்கு ஒன்றும் தொந்தரவாக இருக்காதே?"

"ஐயோ, எங்களுக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம், டெரிக். உங்களுக்கு நெருங்கியவர்கள் இருப்பார்களே."

"ஓ. சரி, புரிகிறது" என்றார். பிறகு எங்கள் ரோஜாச் செடியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்.

நான் உள்ளே வந்து, "டெரிக் நம்மோடு சேர்கிறார்" என்று மலரிடம் சொன்னேன். மலர் என் மனைவி. அவள் சாப்பாட்டு மேசைக்கு மாடியிலிருந்து நான்காவது நாற்காலியை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் மிளகாயைக் குறைத்தாள். எங்கள் மகள் உப்புச்சப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள். டெரிக் வரவில்லை. வயதானவர், இரண்டாம் முறை கேட்கத் தயங்குகிறார் போல என்று நினைத்தேன்.

பாடியில் வேலை பார்த்த காலத்தில் சேகர் என்று எனக்கு ஒரு நண்பன். பட்டாபிராமில் வீடு. ஷிப்ட் முடிந்து ரயிலேறினால் நான் அம்பத்தூரில் இறங்க வேண்டியவன். ரயில் அம்பத்தூரை நெருங்கும்போது, "ஊட்டாண்ட வா, சாப்ட்டுப் போலாம்" என்பான். "வேணாம்டா, இன்னொரு நாள்" என்பேன். "கலா கொழம்பு வெச்சிகினு ஒக்காந்துகினுகீது, வாடா" என்பான். "இல்லடா, வீட்டுல சொல்லல" என்பேன். மூன்றாம் தடவை அவன் பேச மாட்டான், கதவை மறித்து நிற்பான். ரயில் கிளம்பிவிடும். பட்டாபிராமில் அவன் மனைவி கலா பரிமாறும்போதும் இதே வரிசைதான்: அவள் போட வருவாள், நான் இலைமேல் கையை வைத்து மறைப்பேன், கையை எடுக்கச் சொல்வாள், எடுப்பேன். அந்த 'வேணாம்' மறுப்பே இல்லை. அழைப்பைக் கனமாக்கிக் கொடுங்கள் என்று கேட்பது. அங்கே யாரும் இதை யாருக்கும் விளக்கியதில்லை.

அடுத்த சனிக்கிழமை டெரிக்கின் படகில், முன்பக்கத்து இடத்தில், ரூய் உட்கார்ந்திருந்தான்.

ரூய் போர்ச்சுகலிலிருந்து வந்தவன். சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டெரிக் இப்போது அவன் வீட்டோடு பபிள். அவனும் என்னைப்போல் வெளியூர்க்காரன், அதுவும் எனக்குப் பின்னால் வந்தவன். உள்ளூர்க்காரன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இளமையும் உயரமும் சத்தமான சிரிப்பும் உள்ளவன். வெளியே சாயும்போது அவன் முதுகு தண்ணீரைத் தொட்டுவிடும் போலிருக்கும். டெரிக் அதைப் பாராட்டுவது கரையில் கேட்டது. என்னை ஒருநாளும் அவர் சத்தமாகப் பாராட்டியதில்லை. அதைத்தான் நான் நெருக்கம் என்று நினைத்திருந்தேன். அன்று நாட்குறிப்பில், 'காற்று தென்மேற்கு, மிதம். ரூய் முன்பாயைத் தாமதமாக மாற்றுகிறான்' என்று எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களிலும் காற்றைப் பற்றி ஒரு வரி, ரூயின் குறையைப் பற்றி நான்கு வரி.

போனில் சேகரிடம் சொன்னேன்.

"இன்னா நைனா, போட்ல சீட்டு போச்சின்னு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறியா? இங்க தெருமொனைல காய் வாங்கப் போனாலே போலீஸ்காரன் லத்திய தூக்கினு வர்றான். நீ ஏரில குந்த முடிலன்னு அழுவுற."

"அது இல்லடா. என்னைக் கேட்டுட்டு, அப்புறம் இன்னொருத்தனை ஏத்திக்கிட்டார்."

"கேட்டாரா? நீ இன்னா சொன்ன?"

"வேணாம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கல."

சேகர் உச்சுக்கொட்டினான். "இன்னா மன்சன்பா அவன்" என்றான். அன்று அது எனக்குப் போதுமான ஆறுதலாக இருந்தது. பின்னணியில் அவன் வீட்டு மொட்டை மாடியில் பக்கத்து வீட்டார் சேர்ந்து கேரம் ஆடும் சத்தம் கேட்டது. யாரோ அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், அவனும் போய்விட்டான். அதற்கும் வயிறெரிந்தது.

மீட்புப் படகையும் ஒரே வீட்டார்தான் ஓட்ட வேண்டும் என்பதால், சங்கம் அந்தப் பொறுப்பை எனக்கும் மலருக்கும் தந்தது. மலர் மோட்டாரை இயக்க ஒரே காலையில் கற்றுக்கொண்டாள். ஆகஸ்டு மாதம், காற்று வீறிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பல வாரமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது நடந்தது. டெரிக்கின் படகு கவிழ்ந்தது.

நாங்கள் போய்ச் சேருமுன்பே ரூய் படகின் அடியில் துருத்திய பலகைமேல் ஏறி நின்று, முழு எடையையும் போட்டு நிமிர்த்தப் பார்த்தான். பாய் தண்ணீரைவிட்டு ஒரு சாண் எழும்பி, மீண்டும் விழுந்தது. இருமுறை அப்படி. முன்பாயின் கயிறு அதைப் பூட்டி வைக்கும் பற்றுக்கொக்கியில் சிக்கிக்கொண்டிருந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பாய் தண்ணீரை அள்ளி வைத்துக்கொண்டு எப்படி எழும்? "முன்பாய்க் கயிறு! கயிற்றை விடு!" என்று கத்தினேன். டெரிக் நீந்திப்போய் அதை விடுவித்தார். படகு தண்ணீரைச் சொரிந்துகொண்டு நிமிர்ந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அவர்கள் பிழைத்ததற்காக மட்டும் அல்ல.

டெரிக் எங்கள் படகின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "நீங்கள் இருந்திருந்தால் அது சிக்கியிருக்காது" என்றார் என்னிடம்.

நான் தலையை ஆட்டினேன். மலர் ஆட்டவில்லை. "பிறகு ஏன் இவரை எடுத்துக்கொள்ளவில்லை?" என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள்.

டெரிக் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "கேட்டேனே. வேண்டாம் என்றார்."

"எத்தனை தடவை கேட்டீர்கள்?"

"ஒரு தடவை" என்றார் டெரிக். "வளர்ந்த மனிதர்தானே. வேண்டாம் என்றவரை எப்படித் துன்புறுத்துவது?"

மலர் என் பக்கம் திரும்பினாள். "நாற்காலி இறக்கினேனே நான்" என்றாள் தமிழில். டெரிக்கை ஏற்றிக்கொண்டு, ரூய் இருந்த படகைப் பின்னால் கட்டி, மோட்டாரைத் திருகினாள். கரை வரும்வரை, எனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்தையும் கூட்டி, எங்கள் ஊரில் 'வேண்டாம்' எப்படி வேலை செய்கிறது என்று டெரிக்குக்கு விளக்கப் பார்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்படியானால் உண்மையிலேயே வேண்டாதபோது என்ன சொல்வீர்கள்?" என்றார். நாங்கள் அதற்கு வார்த்தை எதையும் செலவிடுவதில்லை; முகத்தில் தெரியும், அழைப்பவரும் பார்த்துக்கொள்வார்.

விதிகள் தளர்ந்த பிறகு டெரிக் என்னிடம் வந்து, "ரூயும் வேண்டும், நீங்களும் வேண்டும். மாற்றி மாற்றி" என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் "சரி" என்றேன். என் முறை வரும் ஞாயிறுகளில் என் கை பழையபடி பேசுகிறது. ரூயின் ஞாயிறுகளில் நான் கரையில் பந்தயம் தொடங்கும் கொடியை ஏற்றுகிறேன்; அவன் இப்போது கயிற்றைச் சரியாகவே விடுகிறான். அதை யார் கற்றுக்கொடுத்தது என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தாலும் எரிச்சல் தணிவதில்லை.

விமானங்கள் பறக்கத் தொடங்கி, நான் ஊருக்குப் போனபோது பட்டாபிராமில் சேகர் வீட்டில் காலைச் சாப்பாடு. "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்றாள் கலா.

"வையுங்க" என்றேன்.

கலா அப்படியே நின்றாள். அடுத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது; அதற்கு இப்போது வேலை இல்லை. சேகர் சிரித்தான். "இன்னா மாமே, கேட்டவொடனே சரின்ற? நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே. கலா, வெள்ளக்காரனுக்கு இட்லி வைம்மா." கலாவும் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் சிரித்தேன்.

அப்போது கைபேசியில் டெரிக்கின் செய்தி வந்தது. 'ரூய்க்கு முதுகுப் பிடிப்பு. ஞாயிறுக்குள் திரும்பிவிடுவீர்களா? இடம் காலி.' நான் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வலது கையில் சட்னி. இடது கைக் கட்டை விரலால், 'முடியாது, ஊரில் இருக்கிறேன்' என்று தட்டி அனுப்பினேன். சந்தேகத்துக்கு இடமில்லாத, முழுமையான மறுப்பு. டெரிக் படித்துவிட்டதற்கான நீலக் குறி உடனே விழுந்தது.

கலா இட்லியை வைத்தாள். சேகர் ஏதோ கேட்டான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டெரிக் இன்னொரு தடவை கேட்பார் என்று.