டூங்கர்ராமின் அரை மீசை

டூங்கர்ராமுக்கு முன்னால் அவன் மீசை வீட்டுக்குள் நுழையும். அவிழ்த்துவிட்டால் முழங்கையைத் தொடும். ஒட்டகம் மேய்க்கையில் கன்னத்தோரம் சுருட்டி ஊசியால் செருகி வைப்பான். வீட்டில் கடுகெண்ணெயும் தயிரும் முதலில் மீசைக்கு, மிஞ்சினால் பிள்ளைகளுக்கு. இந்த வருடம் புஷ்கர் சந்தையில் மீசைப் போட்டிப் பரிசு அவனுக்குத்தான் என்று ஊரே பேசியது.

அந்த நேரம் பார்த்து அப்பா மோதாராம் நோயில் படுத்துவிட்டார்.

ஒட்டகம் மேய்க்கும் அந்த ஊர் ராய்க்கா சாதி வீடுகளில் தகப்பன் செத்தால், பிணத்தைத் தூக்குமுன் மூத்தவனின் தலையும் மீசையும் போக வேண்டும். தகப்பன் இருக்கும்போதே மீசையை எடுத்தாலோ, அவரைச் சாகச் சொல்வதற்குச் சமம்.

டூங்கர்ராம் பால் காய்ச்சினான், கால் பிடித்தான், பீடி பற்றவைத்தான்.

"எம்மேல எப்படா இவ்வளவு பாசம் வந்துச்சு?" என்றார் மோதாராம். "சரி, சந்தை முடியிறவரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். ஜிலேபி வாங்கிட்டு வா."

முக்காட்டுக்குள் டூங்கர்ராமின் மனைவி சுகனி சிரித்தாள்.

சந்தைக்கு முந்தின வாரம், ஒரு காலை, கிழவர் அசையவில்லை. கிள்ளிப் பார்த்தான், ஒன்றுமில்லை. ஒப்பாரி கிளம்பியது. நாவிதன் நாத்து கத்தியோடு வந்தான்.

"மீசைய முதல்ல எடுத்துரு. தலையில ஆரம்பிச்சேன்னா மனசு மாறி ஓடிருவேன்" என்றான் டூங்கர்ராம்.

"அழாதண்ணே. உசுரு தோலுக்குள்ள வேருல இருக்கு. வெளிய தொங்குறது செத்த சாமான். இத்தனை வருசமா பொணத்துக்குத்தான் எண்ணெய் தேச்சிருக்க."

இடப்பக்க மீசை மடியில் விழுந்தது.

"எவன் செத்தான்னு இந்தக் கத்து கத்துறீங்க? டீ எங்க?"

மோதாராம் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கத்தையும் எடுத்துருடா" என்று டூங்கர்ராம் கெஞ்சினான்.

"அப்பன் உசுரோட இருக்கையிலயா? நான் மாட்டேன், சாமி!" நாத்து பையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினான்.

மகனின் முகத்தைப் பார்த்த கிழவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. "மிச்சத்துல கை வச்சே, ஒட்டகம் பூரா உன் தம்பிக்குத்தான்."

அந்த வருடம் டூங்கர்ராம் சந்தைப் பக்கமே போகவில்லை. தலைப்பாகை நுனியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு காட்டிலேயே கிடந்தான். நாத்துதான் தேடிப் போய்ச் சமாதானம் சொன்னான்: "வலது பக்கம் வளர வேண்டிய மட்டும் வளந்தாச்சுண்ணே. இனி பழசு உதிரும், புதுசு முளைக்கும், நீளம் கூடாது. இடது பக்கம் எப்படியும் எட்டிப் புடிச்சிரும். அதுவரைக்கும் உங்கப்பா இருக்கணும், அவ்வளவுதான்."

வருடங்கள் போயின. இப்போதும் பால் காய்கிறது, கால் பிடிக்கப்படுகிறது. குடித்து முடித்ததும் மோதாராம் கேட்பார்:

"இன்னும் எவ்வளவுடா?"

டூங்கர்ராம் இடது நுனியை இழுத்து வலப்பக்கத்தோடு சேர்த்துப் பார்ப்பான்.

"ஒரு சாண்."

"அப்போ நாளைக்கும் ஜிலேபி."